மணிக்கட்டில் ஒரு மூச்சு

இப்போதெல்லாம் வலி மருந்தைக் காவல் காக்க ஆள் தேவையில்லை. தோலில் ஒட்டும் பேட்ச்சே ரத்தத்தைப் பார்த்து, மூச்சைப் பார்த்து, கூட்ட வேண்டியபோது கூட்டி, நிறுத்த வேண்டியபோது நிறுத்திக்கொள்கிறது. நல்ல விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். சொன்னால் கிழவன் புலம்புகிறான் என்பார்கள். ஆனால் ஒருவருடைய மூச்சை இன்னொருவர் கையில் கட்டிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. நான் அப்படித் திரிந்தவன். பொன்மலைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும், சலூனில் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருக்கும்போதும், என் இடது மணிக்கட்டில் அத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அத்தான் என்றால் என் அக்கா வினோதினியின் கணவர் இளம்பரிதி. அக்காவுக்குப் பார்த்த மாப்பிள்ளைகளில் அவர் நாலாவது. முதல் மூன்று பேரை வீட்டில் ஏன் கழித்தார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. நாலாவது ஆளை நான் பார்த்த உடனே சரி என்று சொல்லிவிட்டேன், என்னை யாரும் கேட்கவில்லை என்றாலும். காரணம் கபடி. ரயில்வே மைதானத்தில் அவர் பாடிப் போவதைப் பார்க்க நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு நேராக ஓடுவோம். எதிர் அணி ஏழு பேரும் பின்வாங்கி நிற்க, இவர் நடுவில் நின்று கபடி கபடி என்று பாடிக்கொண்டே இருப்பார். மூச்சு எப்போது முடியும் என்று அவர்கள் காத்திருந்து களைத்துப்போன நேரத்தில் ஒருவனைத் தொட்டுவிட்டுச் சாவகாசமாகத் திரும்பி வருவார். திருச்சியில் அந்த அளவுக்குத் தம் உள்ள ஆள் அப்போது கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு நான் அவருடைய மச்சினன் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டு ஒரு வருடம் ஓசி ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கிறேன்.

அந்த மனிதர் ஐம்பத்தெட்டாவது வயதில் மழை ரோட்டில் ஸ்கூட்டரோடு வழுக்கி விழுந்தார். இரண்டு ஆபரேஷன், முதுகில் ஆறு ஸ்க்ரூ. நடக்க முடிந்தது, ஆனால் வலி போகவில்லை. தும்மினால் கத்துவார். கபடியில் விரல் உடைந்தபோதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தவர், சட்டை பட்டன் போடக் குனிந்து அழுததை நான் பார்த்தேன். கடைசியில் மருத்துவர் முபீனா அபின் வகையைச் சேர்ந்த பலமான மருந்தை எழுதினார். மூன்று நாளைக்கு ஒரு பேட்ச்.

அந்த மருந்துக்குச் சட்டம் இருந்தது. வலியை அடக்குகிற அதே மருந்து, அளவு மீறினால் மூச்சையும் அடக்கிவிடும். தூங்குகிறார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள், ஆள் போய்விட்டிருப்பார். ஊர் ஊராக அப்படி நடந்த பிறகு அரசாங்கம் மூச்சுக் காவலர் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மருந்து எடுப்பவர் நெஞ்சில் சட்டைப் பொத்தான் அளவில் ஒன்றை ஒட்டிக்கொள்வார். காவலர் மணிக்கட்டில் ஒரு பட்டை. அங்கே ஒரு மூச்சு என்றால் இங்கே மெல்ல ஒரு தட்டு. மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்குக் கீழே போய் மூன்று நிமிடம் அப்படியே இருந்தால், பட்டை காவலரைக் கிள்ளும், பேட்ச் தானே பூட்டிக்கொள்ளும். மருந்துப் பெட்டியும் காவலர் விரல் வைத்தால்தான் திறக்கும்.

மனைவி காவலராக இருக்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். மனைவி என்றால் இரக்கப்பட்டு இன்னொரு பேட்ச்சைக் கொடுத்துவிடுவாள் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. மச்சினன் இரக்கப்பட மாட்டான் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த தெருவில் இருக்கிற, சொந்தமாக மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற, நினைத்த நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு ஓடிவரக்கூடிய ஆள் நான்தான் என்று முடிவாயிற்று.

என்னை ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். ரெஜினா என்ற செவிலியர் நடத்தினார். மருந்து எடுப்பவர் ஒரு சொட்டுக் குடிக்கக் கூடாது. தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை எதையும் சேர்த்துப் போடக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது. மலச்சிக்கல் வரும், வெட்கப்படாமல் முதல் நாளிலிருந்தே அதற்கு மருந்து கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு மூட்டு வலி என்று பாவப்பட்டு ஒன்றைக் கொடுத்தால் அது கொலை. பழைய பேட்ச்சிலும் மருந்து மிச்சமிருக்கும், ஒட்டுகிற பக்கத்தை உள்ளே மடித்துப் பெட்டியில் போட வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது, தானாகக் கூட்டவும் கூடாது. பேட்ச் மேல் ஹீட்டர், வெந்நீர்ப் பை, அதிக வெப்பம் படக் கூடாது. மூக்கில் அடிக்கிற மீட்பு மருந்து எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். தேர்வில் முதல் மார்க்கு. வெந்நீர்ப் பை என்ற இடத்தில் அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன், எங்கள் வீட்டில் வெந்நீர்ப் பை இல்லை என்ற நிம்மதியில்.

முதல் மாதத்தைப் போல ஒரு மாதம் எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் வந்ததில்லை, பின்னாலும் வரவில்லை. அத்தான் மறுபடி பழைய ஆளானார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுத்தார். மூன்று நாளைக்கு ஒரு தடவை காலையில் நான் போய்ப் பழைய பேட்ச்சை எடுத்துப் புதியதை ஒட்டுவேன். அக்கா காபி கொண்டு வருவாள். அத்தான் என் தொப்பையைக் கிண்டல் செய்வார், நான் அவர் முதுகு முடியைக் கிண்டல் செய்வேன். மற்ற நேரமெல்லாம் பட்டை. முதலில் எரிச்சலாக இருந்தது, யாரோ விரலால் விடாமல் கூப்பிடுவதுபோல. பத்து நாளில் பழகிவிட்டது. அவர் சாப்பிடுகிறாரா, சிரிக்கிறாரா, மத்தியானத் தூக்கம் போடுகிறாரா என்று கடையில் இருந்தபடியே சொல்லிவிடுவேன். லென்ஸ் துடைத்துக்கொண்டே சில சமயம் நானும் அந்தத் தட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருப்பேன். என் மனைவிகூட எனக்கு அவ்வளவு நெருக்கமில்லை என்று சொன்னதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டாவது மாதத்தில் பூட்டிக்கொள்ளத் தொடங்கியது. அதுவும் இரவில்தான். பட்டை கிள்ளும், நான் எழுந்து அக்காவுக்குப் போன் போடுவேன், அவள் விளக்கைப் போட்டுப் பார்ப்பாள். அத்தான் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருப்பாராம். தூக்கம் வரல என்பாராம். ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் பூட்டிய பேட்ச் மறுபடி திறக்க நாலு மணி நேரம் ஆகும். விடியும்போது வலி ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடித்திருப்பார்.

எங்களுக்குக் காரணம் புரிந்துவிட்டது என்றே நினைத்தோம். கபடிக்காரர் மூச்சு. நாற்பது வருடம் தம் பிடித்துப் பழகிய ஆள் நிமிடத்துக்கு எட்டு மூச்சு விட்டால் அது அவருக்கு இயல்பு, அது இந்த மெஷினுக்கு எங்கே தெரியப்போகிறது? டாக்டரிடம் சொல்லேன் என்று அக்கா இரண்டு தடவை கேட்டாள். நான்தான் வேண்டாமென்றேன். செந்தண்ணீர்புரத்தில் ஒருவர் மருந்து போதவில்லை என்று சொல்லப்போக, அடிமையாகிவிட்டார் என்று எழுதி மருந்தையே நிறுத்திவிட்டார்கள் என்று கடைக்கு வந்த ஒருவர் சொல்லியிருந்தார். உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. பயப்படுவதற்கு விசாரணை எதற்கு?

பிறகு திடீரென்று பூட்டுவது நின்றுவிட்டது. அத்தானே சரியாகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் பட்டையில் மூச்சு மாறியிருந்தது. பகலில் முன்னைவிட வேகம். தூக்கத்தில் ஒரே நொண்டியடிப்பு. சின்னச் சின்னதாகத் தொடங்கி, வேகமெடுத்து, இளைத்து, அப்படியே நின்றுவிடும். நான் எண்ணத் தொடங்குவேன். இருபது, இருபத்தைந்து எண்ணுவதற்குள் திடுக்கென்று மறுபடி தொடங்கும். மொத்தமாகக் கணக்கெடுத்தால் பத்துக்கு மேல் இருக்கும், அதனால் கிள்ளாது. காலையில் போய் அத்தானிடம், உங்கள் மூச்சு என்ன வெள்ளைக்காரன் காலத்து எஞ்சின் மாதிரி ஓடுகிறது என்று வம்பு பண்ணுவேன். அவர் சிரிப்பார். அக்கா காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

மருத்துவமனையிலிருந்து இரண்டு தடவை மருந்தின் அளவைக் குறைத்தார்கள். வாராந்திர மூச்சுப் பதிவு திருப்தியாக இல்லை என்று செய்தி வந்தது. அளவு குறைந்ததும் வலி ஏறியது. அப்போதுதான் அக்கா வெந்நீரைக் கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டில் ஆண்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், அது யாருக்காகவும் நின்றதில்லை. ஒரு சனிக்கிழமை, முதுகில் சூடாக ஊற்ற ஊற்ற வலி போகிறது என்றார் அத்தான். வெந்நீருக்கு வலி போவது உலகத்துக்கே தெரிந்த விஷயம். அக்கா நீலகிரித் தைலம் விட்டு, போன வாரத்தைவிட இன்னும் சூடாக, இன்னும் இரண்டு சொம்பு கூடுதலாக ஊற்ற ஆரம்பித்தாள். குளித்துவிட்டு வந்தால் அத்தான் அடித்துப்போட்டதுபோலத் தூங்குவார். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது? பகலில் தூங்கவிடாதே, உடம்பு சூடு ஏறும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாவம், வலியில்லாமல் தூங்குகிறார், தூங்கட்டும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். வெந்நீர்ப் பை என்று அடிக்கோடு போட்ட எனக்கு, ஒரு அண்டா வெந்நீர் அதில் சேர்த்தி என்று தோன்றவேயில்லை. அது குளியல், அவ்வளவுதான்.

கார்த்திகை முதல் சனிக்கிழமை. அன்றைக்கு எனக்கு அங்கே சாப்பாடு, நாட்டுக்கோழிக் குழம்பும் மிளகு ரசமும். பதினொன்றரை மணிக்குப் போனேன். அத்தான் குளித்து முடித்து, நெற்றியில் விபூதியோடு, கூடத்துச் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். தலையிலிருந்து சீயக்காய் வாசனை வந்தது. மழை தூறத் தொடங்க, மொட்டை மாடியில் துணி காய்கிறது என்று அக்கா ஓடினாள். நான் எதிரே உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தேன்.

பட்டை வேகமாகத் தட்டத் தொடங்கியது. படபடவென்று, யாரோ ஓடுவதுபோல. கனவு காண்கிறார்போல, கனவிலும் கபடியா என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். அத்தான் நெஞ்சு அசையவில்லை. கையில் ஐந்து தட்டு, ஆறு தட்டு, ஏழு தட்டு. எதிரே நெஞ்சு அப்படியே இருந்தது. பிறகு தொண்டையில் ஒரு கரகரப்போடு ஒரே ஒரு மூச்சு வந்தது. என் கையில் அடிப்பது அவருடைய மூச்சு இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உதடு நீலமாக இருந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தால் கண்மணி கடுகளவு. கத்திக் கூப்பிட்டேன், நெஞ்செலும்பில் விரல் முட்டியால் தேய்த்தேன், அசைவில்லை. பனியனைக் கிழித்துப் பேட்ச்சைப் பிய்த்தேன், குளித்த சூடு இன்னும் அதில் இருந்தது. மீட்பு மருந்தை மூக்கில் அடித்தேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவரைத் தரையில் இறக்கி, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து ஊதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. மூன்று நிமிடம் கழித்து இரண்டாவது தடவை அடித்தேன். அத்தான் உடம்பு உதறியது. கண்ணைத் திறந்தார். மருந்தின் வேலை முழுக்க அறுந்துபோய், முதுகு வலி மொத்தமும் ஒரே நேரத்தில் திரும்ப வந்து, அவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அதைப் போல இனிமையான வார்த்தைகளை நான் கேட்டதில்லை.

அக்கா மாடிப்படியில் துணிக் குவியலோடு நின்றிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது அவளுக்கு. என் மணிக்கட்டும் அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

“என்கிட்ட இருக்கு, கோகுல்” என்றாள்.

மீட்பு மருந்தின் வேகம் சீக்கிரம் இறங்கிவிடும், தோலுக்கடியில் தங்கியிருக்கிற மருந்து மறுபடி ஆளை அமுக்கும் என்பதால் ஆள் எழுந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். ஆம்புலன்ஸில் போகிற வழியில் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். இரவில் பேட்ச் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, பத்து வாரமாக அந்த மூச்சுப் பொத்தானை ரவிக்கைக்குள் அவள்தான் ஒட்டியிருந்திருக்கிறாள். பேட்ச் மாற்ற நான் வருகிற காலைகளில் மட்டும் அத்தான் நெஞ்சில் ஒட்டிவிட்டு, நான் போனதும் எடுத்துக்கொள்வாளாம். அத்தானும் சம்மதித்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மருத்துவமனை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டாக்டர்ட்ட சொல்லாதடா. சொன்னா மருந்த நிறுத்திருவாங்க. அவரு மறுபடி அப்படிக் கத்துறத என்னால கேக்க முடியாது. நீ உன் வீட்டுக்குப் போயிருவ. நான்தான கேக்கணும்.”

அவள் சொன்னது முழுக்க உண்மை. நான் என் வீட்டுக்குப் போய்விடுவேன். ஆனால் உள்ளே இருக்கிற மருத்துவர், கணினியில் ஓடிக்கொண்டே இருக்கிற மூச்சைப் பார்த்துக்கொண்டு, கண்முன்னே நின்றுபோன மூச்சுக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பார். தப்பான காரணத்தைக் கண்டுபிடித்தால் அடுத்த சனிக்கிழமை அத்தான் இருக்க மாட்டார். நான் சொல்லிவிட்டேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

மருத்துவர் முபீனா கத்தவில்லை. முதலில் குளியலைப் பற்றித்தான் கேட்டார். எத்தனை சொம்பு, எவ்வளவு சூடு, பேட்ச் எங்கே ஒட்டியிருந்தது என்று எல்லாம் கேட்டுவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டார்.

“சூடு பட்டா மூணு நாள் மருந்து ஒரு மணி நேரத்துல இறங்கும். வெந்நீர் வலியப் போக்கல, கூடுதல் மருந்துதான் போக்கியிருக்கு. எங்க புத்தகத்துல எண்ணெய்க் குளியல்னு ஒரு வார்த்த எழுதாம விட்டுட்டோம்” என்றார்.

மருந்தை நிறுத்திவிடுவீர்களா என்று அக்கா கேட்டாள். அதை மட்டும்தான் அவள் கேட்டாள்.

“எழுதத்தான் வேணும், நான் பொய் எழுத மாட்டேன். ஆனா வலிக்கிற மனுஷனுக்கு மருந்த நிறுத்துறது தண்டனை இல்லம்மா, கொடுமை. சட்டம் அந்த முடிவ என்கிட்டதான் விட்டிருக்கு. நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா ரெண்டு நாள் இங்க படுக்க வெச்சு மூச்ச எண்ணிப் பாத்திருப்பேன். இவரு அளவுக்கு மெஷினத் திருத்தியிருப்பேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். போன் செய்யாதே என்றது நான்தானே.

பிறகு அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். அந்தப் பத்து வாரப் பதிவைத் திறந்தார். ஏற்ற இறக்கக் கோடுகளை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தார். முகம் மாறியது. அக்காவை உட்காரச் சொன்னார்.

“இந்தப் பதிவப் பாத்துதான் இவருக்கு அளவு குறைச்சேன். தூக்கத்துல மூச்சு ஓடி ஓடி நிக்குது, மருந்துதான் அமுக்குதுன்னு நெனச்சேன். இது உங்க மூச்சுன்னா, உங்களுக்கு இந்த மருந்தே இல்லையே” என்று நிறுத்தினார். “படி ஏறுனா எப்பலேருந்தும்மா இப்படி இளைக்குது?”

அக்கா புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். ஒரு வருடமாக என்பதை அவளிடமிருந்து வாங்கவே கால் மணி நேரம் ஆயிற்று. அத்தான் படுக்கையில் கிடக்கிறபோது இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்றாள். கால் வீங்கியிருப்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். சோதித்துப் பார்த்ததில், அவள் இதயம் பாதி பலத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அப்படிப்பட்டவர்களின் மூச்சு தூக்கத்தில் இப்படித்தான் ஓடும், நிற்கும், ஓடும் என்றார் மருத்துவர். பத்து வாரத்துக்கு முன்பே கண்டுபிடித்திருந்தால் நிறையச் செய்திருக்கலாம் என்றும் சொன்னார். பத்து வாரமாக மெஷின் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பெயர்தான் வேறு. இரவெல்லாம் அக்காவின் இதயம் என் கையைத் தட்டிக் கூப்பிட்டிருக்கிறது, நான் காலையில் போய் அத்தானைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

இருவரையும் சேர்த்தார்கள், வேறு வேறு வார்டில். அத்தானுக்கு ஐந்து நாள் இரவும் பகலும் மூச்சை எண்ணினார்கள். அங்கேதான் எனக்குப் புரியாத ஒன்று நடந்தது. பழைய அளவுக்கு மருந்தைத் திரும்ப ஏற்றியும்கூட, அத்தான் மூச்சு தூக்கத்தில் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கவேயில்லை. எட்டு என்று ஒன்று வரவேயில்லை. கபடிக்காரர் மூச்சு என்று நான் நீட்டி முழக்கியதை மருத்துவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், இவருக்கு மெஷினைத் திருத்த வேண்டிய அவசியமே இல்லை என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் பேட்ச் ஒரு தடவைகூடப் பூட்டிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக் காற்று மாற்றியிருக்கும் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அக்கா மூச்சுக்கு உதவுகிற முகமூடி இயந்திரத்தோடு உள் அறையில் தூங்கினாள். அத்தானுக்குக் கூடத்தில் கட்டில். குளியல் இளஞ்சூட்டு நீரில், பேட்ச் மேல் படாமல், அதையும் நான்தான் ஊற்றினேன். அக்கா என்னோடு பேசத் தொடங்க ஒரு மாதம் ஆயிற்று. பேசியபோது, நீ சொன்னது நல்லதுதான், ஆனா எனக்குக் கோவம் போகலை என்றாள். அப்படிச் சொல்கிறவள்தான் என் அக்கா. சித்திரையில் ஒரு சாயங்காலம் காபிக்குப் பால் வைத்துவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அத்தான் அதற்குப் பிறகு ஏழு வருடம் இருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து பேட்ச் மாற்றுகிற நாள் வந்தது. வழக்கம்போலக் காலையில் போனேன். பழையதை மடித்துப் பெட்டியில் போட்டேன், தேதி எழுதிப் புதியதை ஒட்டினேன். காபி இல்லை, கிண்டலும் இல்லை. கிளம்ப எழுந்தபோது அத்தான் கையை நீட்டினார்.

“அந்தப் பத்து வாரம் உன் கையில எப்படிடா தட்டும், மாப்ள? தூக்கத்துல. தட்டிக் காட்டு.”

உட்கார்ந்தேன். அவர் முன்கையில் ஒற்றை விரலை வைத்தேன். எனக்கு அது மனப்பாடமாக இருந்தது. மெல்ல ஒன்று, இன்னொன்று, கொஞ்சம் வேகமாக, இன்னும் வேகமாக, பிறகு இளைத்து, இளைத்து, விரலை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் மட்டும் பொறுக்க முடியாமல், மனசுக்குள் பத்தே எண்ணி மறுபடி வைக்கப் போனேன்.

“இல்லடா. அங்க இன்னும் நிக்கும்” என்றார்.

பட்டை கட்டியிருந்தது நான், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“பக்கத்துல படுத்திருந்தவன்டா நான். மருந்துல வலி கொறஞ்சப்பறம், ரெண்டாவது மாசம்தான் காதுல விழுந்துச்சு. அவ மூச்சு நின்னா எனக்கு மூச்சு வராது. அவ எடுக்கட்டும்னு பிடிச்சுக்கிட்டுக் கெடப்பேன். அவ எடுத்தப்பறம்தான் நான் எடுப்பேன். விடியிற வரைக்கும் அதான் வேல.”

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒரு நாள் அவளிடம் சொன்னாராம். மருந்து மயக்கத்தில் உங்களுக்கு என்னென்னவோ கேட்கிறது, பேசாமல் படுங்கள் என்றாளாம். மயக்கமாகத்தான் இருக்கும் என்று அவரும் நினைத்துக்கொண்டாராம்.

மறுபடி அவர் கையில் விரலை வைத்துத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, வேகமாக, பிறகு இளைத்து, விரலைத் தூக்கினேன். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். என் மணிக்கட்டில் அவருடைய மூச்சு அந்த இடத்தில் அப்படியே நின்றது. இருபத்தைந்து எண்ணினேன். பிறகு விரலை வைத்தேன், பட்டை தட்டியது.